தட்டினால் பேசும் பலகை

— அதெல்லாம் இருக்கட்டும்ணே. எனக்கு மரத்துல ஏன் படகு செஞ்சு தரமாட்டேங்குறீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க.

— அதான் சொல்றேனே பாப்பா. ஃபைபர்ல போ. சும்மா ஃபைபர் இல்ல, நடுவுல நுரைப்பலகை வச்சு ரெண்டு பக்கமும் ஃபைபர் ஒட்டுறது. கனமே இருக்காது. இப்ப நீ ஓட்டுற இஞ்சினே அதுக்கு அதிகம். டீச்சருங்க, சிமெண்டு மூட்டை, எதை ஏத்தினாலும் அக்கரைக்குப் பறந்துரும், பாத்துக்க.

— பக்கத்துலதானே நிக்கிறேன், ஏன் கத்துறீங்க? மரம் ஏன் வேணாம்னு கேட்டா, ஃபைபர் ஏன் நல்லதுன்னு சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

— மரம்னா வருஷா வருஷம் கரையேத்தணும். சந்துக்குச் சந்து பஞ்சு அடைக்கணும், எண்ணெய் பூசணும். பூச்சி வேற அரிக்கும். இதுல அந்தத் தொல்லையே கிடையாது.

— ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் மரத்துலதானே செஞ்சு குடுத்தீங்க? அப்பல்லாம் பூச்சி லீவுல போயிருந்துச்சா?

— சிரிக்காத. வா, இந்தப் பக்கம் வந்து நில்லு. அங்க வெளிச்சம் இல்ல.

— எனக்கு எதுக்கு வெளிச்சம்? என்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? சரி, வந்துட்டேன். இப்பவாவது சொல்லுங்க. அந்த நுரைப்பலகையை நானும் பாத்தேன். நகத்தால கீறினேன், பள்ளம் விழுது. அதை நம்பி ஆத்து முகத்துவாரத்துல இறங்கச் சொல்றீங்க.

— அது தனியா இருந்தா அப்படித்தான். ரெண்டு பக்கமும் ஃபைபர் ஏறிடுச்சுன்னா நீ மேல ஏறிக் குதிச்சாலும் அசையாது.

— ஆங். கொக்கி மாட்ட ஒரு திருகாணி போட்டா, அந்த ஓட்டை வழியா நுரைக்குள்ள தண்ணி இறங்குமாமே? வெளியில பளபளன்னு இருக்குமாம், உள்ள ஊறிப்போய்க் கிடக்குமாம்.

— கண்ட இடத்துல திருகினா இறங்கத்தான் செய்யும். கொக்கி வர்ற இடத்துல முன்கூட்டியே நுரையை எடுத்துட்டுக் கட்டை வச்சு அடைச்சிருவான் என் மச்சான். அதெல்லாம் நல்லா படிச்சுட்டு வந்திருக்கான்.

— வந்துட்டாரா உங்க மச்சான். எப்ப வருவார்னுதான் பாத்துட்டு இருந்தேன். அண்ணியோட தம்பி ஃபைபர் பட்டறை போட்டாரு, அண்ணனுக்கு மரம் கசந்து போச்சு. இதுல யாருக்கு லாபம், சொல்லுங்க?

— பாரமா? பாரம் தாங்கும் பாப்பா. அதுல சந்தேகமே வேணாம்.

— நான் என்ன கேக்குறேன், நீங்க என்ன சொல்றீங்க? நல்லா நழுவக் கத்துக்கிட்டீங்க. முன்னல்லாம் உங்களுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா காது சிவந்துரும்.

— காதா? காதுக்கு என்ன?

— அது மட்டும் நல்லா விழுது. கண்ணைப் பாத்துப் பேசுங்கண்ணே. வந்ததுலேர்ந்து பாக்குறேன், என் கண்ணைப் பாக்கவே மாட்டேங்குறீங்க. வாயையே பாத்துட்டு இருக்கீங்க.

— ஒண்ணுமில்ல. நீ மெலிஞ்சிட்டியோன்னு பாத்தேன். வீட்டுக்குப் போயி உங்க அண்ணிகிட்ட ஒரு டீ குடிச்சிட்டுப் போ. எங்கூடத்தான் அவ பேசுறதில்ல. உங்கிட்ட பேசுவா.

— அண்ணி வேற மாதிரி சொல்றாங்களே. அவங்க பேசிட்டே இருக்காங்களாம், நீங்கதான் சுவர் மாதிரி உக்காந்திருக்கீங்களாம்.

— அப்படியா சொல்றா?

— அதை விடுங்க. மரக்கடைக்காரரை வழியில பாத்தேன். என் படகுக்குன்னு அவர் அனுப்பின பலகை அத்தனையும் உளுத்துப் போச்சுன்னு திருப்பி அனுப்பினீங்களாம். மறுபடி அனுப்பினாரு, அதையும் திருப்பினீங்களாம். மனுஷன் அழாத குறை. இப்ப மூணாவதா வந்து இங்க கிடக்கிறதாவது தேறுமா?

— தேறாது. எல்லாம் உளுத்தது.

— தட்டிக் காட்டுங்க.

— எதுக்கு? நான் சொன்னா பத்தாதா?

— பத்தாது. வாடகைக்கு வீடு பாக்கப் போனாக்கூட கதவைத் தட்டிப் பாத்து, இது உளுத்த கதவுன்னு வீட்டுக்காரன் மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு நீங்க. பலகை பேசும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். வைரம் பாஞ்ச கட்டைன்னா கணீர்னு பேசும், உளுத்ததுன்னா பொத்துன்னு போகும். தட்டுங்க. இந்தாங்க கொட்டாப்புளி.

— பிடிவாதக்காரி. இந்தா, தட்டிட்டேன். போதுமா? உளுத்தது.

— இன்னொண்ணு.

— இதுவும்தான். உள்ள ஒண்ணுமில்ல, வெறும் பஞ்சு.

— அண்ணே, மணி அடிச்ச மாதிரி கேக்குது. ரெண்டுமே. அப்படி ஒரு பலகையைத் தட்டிட்டு என் முகத்துக்கு நேரா பஞ்சுங்குறீங்க.

— உனக்கு என்ன தெரியும்? நீ தச்சனா, நான் தச்சனா? பாப்பா. எங்க போற? ஜன்னல்கிட்ட என்ன இருக்கு?

— உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இதைச் சொல்ல முடியல, அதான் திரும்பி நிக்கிறேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் போனப்பகூட, அண்ணன் இருக்கான்னு தைரியமா இருந்தேன். அந்தப் படகுல உயிரைக் கையில புடிச்சுட்டுப் போறது உங்க தங்கச்சி. அவளையே வித்துட்டீங்க. நீங்க ஒரு திருடன். இனிமே எனக்கு அண்ணன்னு யாரும் கிடையாது.

— ஆமாமா, இருட்டிக்கிட்டுத்தான் வருது. மழை கொட்டும்போல. வீட்டுல துணி எதுவும் காயப் போட்டுட்டு வந்தியா?

— என்ன சொன்னீங்க? அண்ணே... அண்ணே, உங்களுக்குப் பின்னால பலகை சரியுது பாருங்க.

— என்ன, அப்படியே நின்னுட்ட? கோவமா? இந்தப் பக்கம் திரும்பு.

— திரும்பிட்டேன். என் வாயைப் பாருங்க. எப்பலேர்ந்து?

— எது எப்பலேர்ந்து?

— எப்பலேர்ந்து உங்களுக்குக் காது கேக்கல?

— யாருக்கு? எனக்கா? போ பாப்பா. மெஷின் சத்தத்துல கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு. குளிச்சா சரியாப் போயிரும்.

— அண்ணே.

— ... ஒரு பக்கம் முதல்லயே போச்சு. இன்னொரு பக்கம் இப்பதான். இழைப்பு மெஷின் ஓடுறதே தெரியல, கையை வச்சுப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன். பலகையைத் தட்டினா கை மட்டும்தான் அதிருது. அது என்ன பேசுதுன்னு தெரியல.

— அதுக்காக நல்ல பலகையெல்லாம் திருப்பி அனுப்பினீங்களா?

— எது நல்லது, எது உளுத்ததுன்னு தெரியாம உன் படகுல எப்படி அடிப்பேன்? வேற யாரு படகுன்னாலும் இந்த வேலையே வேணாம்னு சொல்லிருப்பேன். உங்கிட்ட என்ன சொல்றது? ஃபைபர்ல எல்லாமே தராசு. பசையை நிறுத்து ஊத்துறான், மருந்தை அளந்து கலக்குறான். காதே வேணாம். ஒட்டுறதுக்கு முந்தி நான் நின்னு கண்ணால பாத்துக்கிறேன்னு மச்சான்கிட்ட கறாரா சொல்லிட்டேன். நல்ல படகுதான் பாப்பா. உன்னை ஏமாத்தல.

— அண்ணிக்குத் தெரியுமா?

— யாருக்கும் தெரியாது. காது போன தச்சன்கிட்ட எவன் வருவான்? உங்க அண்ணி கோவத்துல பேச்சை நிறுத்திட்டான்னுதான் நானும் வீம்பா இருந்தேன். நீ சொன்னதுக்கப்புறம்தான் யோசிக்கிறேன். பாவம், பேசிட்டேதான் இருந்திருக்கா.

— எனக்கு மரம்தான் வேணும்.

— பாப்பா...

— ஃபைபர் நல்லதுதான், இல்லேங்கல. ஆனா முகத்துவாரத்துல அலை தூக்கி அடிக்கிறப்ப, காலுக்குக் கீழ இருக்கிறது எங்க அண்ணன் கையால செஞ்சதுன்னு நெனச்சாத்தான் எனக்குப் பயம் போகும். கொட்டாப்புளியை எடுங்க. நீங்க தட்டுங்க, நான் கேக்குறேன். கணீர்னா உங்க தோள்ல கை வைக்கிறேன். பொத்துன்னா எடுத்துடுறேன்.

— ஒவ்வொரு பலகைக்கும் வந்து நிப்பியா?

— நிப்பேன். நிக்காம?

— அப்ப சரி. இந்த ஓரத்துலேர்ந்து ஆரம்பிக்கலாம். ஆமா, ஜன்னல்கிட்ட நின்னு ரொம்ப நேரம் ஏதோ சொன்னியே. உன் முதுகுதான் தெரிஞ்சுது. மேகத்தைப் பாத்து நான் குத்துமதிப்பா ஒண்ணை அடிச்சுவிட்டேன். நீ என்ன சொன்ன?

— மழை வரும்போல இருக்குன்னுதாண்ணே சொன்னேன்.