முடிக்கு மூன்று மணி நேரம்

ஸ்மரண்டா: ...அப்போ மூணு மணி நேர வகுப்புல ரெண்டாவது பாதி முழுக்க நீயே பேசிடு. விண்ணப்பத்துல அப்படியே எழுதிடறேன்.

டிபெரியு: அய்யோ, கீபோர்டுலேர்ந்து கையை எடு! சுருட்டை முடி உன் ஆராய்ச்சி. லிஸ்பன்ல அவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் மாநாட்டுல, கம்ப்யூட்டர்ல முடி வரையறதைப் பத்தி நான் பேசினா, எல்லாரும் என் தலையைப் பாத்துத்தான் சிரிப்பாங்க.

ஸ்மரண்டா: சிரிக்கட்டுமே. மொட்டைத் தலையன் முடி பத்தி வகுப்பு எடுக்கறான்னா அரங்கமே நிறைஞ்சிடும்.

டிபெரியு: விளையாடாதே. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும். போன வருஷம் மாதிரி திருப்பிடப் போறாங்க.

ஸ்மரண்டா: போன வருஷம் ஏன் திருப்பினாங்க? 'வகுப்பு எடுக்கச் சொன்னா சொந்தக் கட்டுரைக்கு விளம்பரம் பண்றீங்க'ன்னு. அந்தப் பத்தியெல்லாம் யாரு எழுதினது?

டிபெரியு: ...நான்தான். இந்தத் தடவை தூக்கிட்டேன்ல? ஒத்தை முடி எப்படி வளையுது, ஆயிரம் முடி எப்படி உரசுது, வெளிச்சம் பட்டா எப்படி மின்னுது... புதுசா வர்ற மாணவனுக்கும் புரியும். யாரு பேசறதுங்கறதுதான்...

ஸ்மரண்டா: மூணு மணி நேரமும் நீ.

டிபெரியு: ஏய், இப்பத்தானே பாதின்னே?

ஸ்மரண்டா: உன் குரல் நல்லா இருக்கும்டா.

டிபெரியு: கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் இதைச் சொல்றே. முதல்ல உக்காரு ஸ்மரா. ஜன்னலுக்கும் மேசைக்குமா எவ்வளவு நேரம் நடப்பே? கீழ போய் காபி வாங்கிட்டு வரட்டா?

ஸ்மரண்டா: காபி வேணாம். கோவ்ரிக் ரொட்டி வாங்கு. எள்ளு போட்டது.

டிபெரியு: இப்பத்தானே தின்னே?

ஸ்மரண்டா: அதையெல்லாம் கணக்கு வெச்சுக்கிட்டா இருக்கே? நீ மட்டும் என்ன... ஃபோனைக் கவுத்து வைக்கறே, எடுக்கறே, பாக்கறே, மறுபடி கவுத்து வைக்கறே. யாரு?

டிபெரியு: யாருமில்ல... அம்மா.

ஸ்மரண்டா: உங்க அம்மா கூப்பிட்டா அடுத்த வீட்டுக்கே கேக்குமே... சரி, பேச்சாளர் குறிப்பு. 'டிபெரியு, ஆய்வாளர், திமிஷோவாரா பல்கலைக்கழகம்.'

டிபெரியு: பல்கலைக்கழகம்னு... போடாதே.

ஸ்மரண்டா: ஏன்?

டிபெரியு: சும்மா ஆய்வாளர்னு போடு.

ஸ்மரண்டா: எந்த ஊரு ஆய்வாளர்? வானத்துலேர்ந்து குதிச்சியா?

டிபெரியு: ஸ்மரா... என் பேரையே எடுத்துடேன்.

ஸ்மரண்டா: என்னடா ஆச்சு உனக்கு? நம்ம லேப்ல முடியை முதல்ல அசைய வெச்சதே நீதானே!

டிபெரியு: வர்ற மார்ச்லேர்ந்து நான் இங்க இல்ல. புக்கரெஸ்ட்ல ஒரு கேம் கம்பெனி... கையெழுத்துப் போட்டுட்டேன். அவங்க வேலைல சேர்ந்தா வெளியில எங்கேயும் பேசக் கூடாதாம்.

ஸ்மரண்டா: ...எப்போ போட்டே?

டிபெரியு: போன வாரம்.

ஸ்மரண்டா: ஒரே வீட்டுல இருக்கோம். ஒரு வார்த்தை...

டிபெரியு: சொன்னா நீ இந்த விண்ணப்பத்தையே தூக்கிப் போட்டிருப்பே. ரெண்டு பேரோட வேலையும் வருஷா வருஷம் தொங்கிக்கிட்டே இருக்கு. நான் அங்க சம்பாதிக்கறேன், நீ இங்க நிலைச்சு நில்லு. லிஸ்பன்ல நீ தனியாளா நின்னு பேசிட்டு வந்தா, டீன் இனிமே உன்னை நிரந்தரமாக்காம தட்டிக் கழிக்க முடியாது.

ஸ்மரண்டா: அதுக்குத்தான் எல்லாத்தையும் என் தலைல கட்டினியா?

டிபெரியு: ஆமா. முதல் வரிசைல உக்காந்து கை தட்டறதுக்கு நானும் வருவேன். சேர்றதுக்கு முன்னாடியே மாநாடு நடக்கற மே முதல் வாரம் லீவு கேட்டு வாங்கிட்டேன்... எங்கே, இப்படித் தள்ளு. உன் பேரை மட்டும் போட்டு நானே அனுப்பறேன்.

ஸ்மரண்டா: அனுப்பாதே.

டிபெரியு: கோவமா?

ஸ்மரண்டா: கோவம்தான். அதை ராத்திரி வெச்சுக்கறேன். லீவை மட்டும் ரத்து பண்ணிடாதே.

டிபெரியு: நீயே பேசலேன்னா எனக்கு அங்க என்ன வேலை? எதுக்கு லீவு?

ஸ்மரண்டா: மூணு மாசம் தாண்டட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்டா... மே முதல் வாரம் நீ வந்து உக்கார வேண்டிய இடம் பிரசவ ஆஸ்பத்திரி வாசல்.