காலடி ஓசை கேட்கலாகாது

— பெட்டிய மூடாதீங்க. தீபிகா இன்னிக்குப் போக வேண்டாமுங்க.

— ஏம்புள்ள உஷா, மாப்ள சித்தார்த் பள்ளிபாளையம் தாண்டிட்டாராமா. கார் வாசலுக்கு வந்தப்பறம் என்ற தங்கச்சிய அனுப்ப மாட்டேன்னு சொல்றதுக்கு நானென்ன கிறுக்கனா?

— இங்க வந்த அஞ்சு நாளா ஒரு வாய் சோறு ஒழுங்காத் திங்கலீங்க. இந்த வெயில்ல முழுக்கை சுடிதாரு. என்னமோ இருக்குதுங்க.

— நாலு தடவ கேட்டாச்சு. நல்லாருக்கறேன்னுதான் சொல்றா. கல்யாணமாகி ஆறு மாசம், அதுக்குள்ள அவுங்க ஊட்டோட சண்டை இழுக்கச் சொல்றியா? அதா, அந்த நோட்ட எடு. அவ ஆராய்ச்சி நோட்டு. உட்டுட்டுப் போனா சம்பந்தியம்மா கோவிச்சுக்குவாங்க.

— அவுங்களுக்கென்னங்க அதுல?

— தெனமும் சாயங்காலம் மருமகளப் பக்கத்துல உக்கார வெச்சு எழுத வெக்கறாங்களாமா. படிப்புக்கு இத்தன ஒத்தாசை பண்ற மாமியா பரமத்தி வேலூர்ச் சுத்துவட்டாரத்துலயே இல்ல, கேட்டுக்க.

— அப்படி என்னத்த எழுதறாங்க, படிங்க பாப்போம்.

— நூத்தம்பது வருசத்துக்கு முன்னால பொட்டப்புள்ளைகளுக்கு நல்லொழுக்கம் சொல்லிக் குடுத்த பொஸ்தகமாமா. அதப் பாத்து எழுதறா. இரு. ‘சிரிக்கையில் பல் தெரியலாகாது. நடக்கையில் காலடி ஓசை கேட்கலாகாது.’

— எத்தன வயசுப் புள்ளைகளுக்குங்க?

— ஏழு, எட்டுன்னு போட்டிருக்குது. அட கருமமே, நம்ம கனிஷ்கா வயசு.

— அவ குதிக்கற குதிக்கு மாடியே அதிருது. மேல படிங்க.

— ‘பசித்தாலும் மறுசோறு கேட்கலாகாது. புருஷன் அடித்தால் அழுகுரல் சுவரைத் தாண்டலாகாது.’ எட்டு வயசுப் புள்ளைக்குச் சொல்ற பேச்சா இது? பன்னெண்டு தறி ஓடற சத்தத்துலயும் கனிஷ்கா அழுதா எந்திரிச்சு ஓடறோம். அந்தக் காலத்துப் பெத்தவனுக என்னத்தப் பாத்துட்டு இருந்தானுக?

— நாலு தடவ கேட்டிருப்பாங்க. நல்லாருக்கறேன்னு சொல்லியிருக்குமுங்க.

— குத்திக் காட்டாத. அது வேற காலம். இப்ப எவனாச்சும் இப்படி எழுதி வெச்சான்னா செருப்பக் கழட்டிருவேன்.

— இங்க குடுங்க. பின்னால இன்னும் எட்டுப் பக்கம் இருக்குதுங்க. ‘தலைவலியென்று பகலில் படுக்கலாகாது. பிறந்தகத்து நினைவாய்க் கண் கலங்கலாகாது. கையிலுள்ள சூட்டுத் தழும்பை எவரேனும் கேட்டால், வடிகஞ்சி கொட்டியதென்று சொல்லக்கடவாள்.’

— போதும், மூடு. சூடு வெக்கறதுக்கு ஒரு பாடம், மறைக்கறதுக்கு ஒரு பாடமா? அதா, காரு வந்துருச்சு. தீபிகாவக் கூப்புடு, நான் போயி மாப்ளய வாங்கன்னு சொல்றேன்.

— சித்த நில்லுங்க. கடைசியா ஒண்ணு இருக்குதுங்க.

— ஏன் நிறுத்திட்ட? சத்தமாப் படி.

— ‘அண்ணன் செல்போனில் அழைத்தால், ஸ்பீக்கரில் போட்டே பேசக்கடவாள்.’