அக்காவின் கணினிக்கு நான் எழுதிய வரி

வேலை முடிந்ததும் கணினியை முறையாக அணைத்துவிட்டு எழுந்திருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். உன் அம்மா அப்படிப்பட்டவள். குழாயை மூடுவது போல அதையும் மூடிவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுவாள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நான் செய்தது எதுவும் பலித்திருக்காது, தம்பி. உட்கார். அவள் உள்ளே தூங்குகிறாள், மெதுவாகப் பேசுவோம்.

அம்மாவின் கணினியைத் திறந்து பார்த்துவிட்டு, அதைக் கிளப்பும் வரியின் கடைசியில் இருக்கும் சொல் எதற்கு சித்தி என்று காலையில் கேட்டாய். அதற்கு மட்டும் பதில் சொன்னால் உனக்குப் புரியாது. முதலிலிருந்தே சொல்கிறேன்.

அக்கா படிக்கட்டு வரைகிறவள். மாடிகளின் உயரத்தைச் சொன்னால் போதும், யார் காலும் இடறாதபடி வரைந்து கொடுத்துவிடுவாள். அவள் பழகிய மென்பொருள் பழைய கணினியில்தான் ஓடும். அந்தக் கணினி செத்துப்போன அன்று, "கை ஒடிஞ்ச மாதிரி இருக்குடி" என்றாள். நான் ஓய்வு பெறும்வரை கணினி அறையில் வேலை பார்த்தவள். பழைய கணினியின் வட்டில் இருந்ததை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து, புதுக் கணினிக்குள்ளேயே பழையதை ஓடவைத்தேன். அந்த இயந்திரத்தைக் கையால் தொட முடியாது. ஒரு வரிக் கட்டளைதான் அதன் உடம்பு. நினைவகம் இவ்வளவு, வட்டு இந்தக் கோப்பு, இணையத்துக்கு வலை அட்டை உண்டு, கடிகாரம் இன்ன நேரம் காட்டட்டும் என்று எழுதினால் அப்படியே எழுந்து நிற்கும். ஒரு சொல்லை எடுத்தால் ஓர் உறுப்பு போய்விடும். அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு படத்தைச் சொடுக்குவாள், பழைய திரை முழுவதுமாக வந்து நிற்கும். "நீ இருக்கறவரைக்கும் எனக்கு என்னடி கவலை" என்பாள்.

பிறகு நீ கூப்பிட்டாய். தப்பில்லை, பெற்றவளைப் பிள்ளை கூப்பிடுவான். "கையில இருக்கற ஆஸ்பத்திரிப் படிக்கட்டை முடிச்சுக் குடுத்துட்டு உன்கிட்டயே வந்துடறேன்டா" என்று அவள் போனில் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் நாலு சுவரும்தான். போகாதே என்று கேட்டிருக்கலாம். அவள் சிரித்து மழுப்பிவிட்டுப் போயிருப்பாள். ஆனால் தொட்ட வேலையைப் பாதியில் விட்டு எழுந்து போகிறவள் இல்லை அவள். அதனால் வேலை முடியாமல் இருந்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

வரியின் கடைசியில் ஸ்னாப்ஷாட் என்ற சொல்லைச் சேர்த்தேன். அது இருந்தால், அவள் சேமிப்பதெல்லாம் ஒரு தற்காலிகக் கோப்புக்குப் போகும், அசல் வட்டில் ஒட்டாது. வேலை நடக்கும்போது வித்தியாசமே தெரியாது. இயந்திரத்தை அணைத்ததும் அன்று வரைந்தது அத்தனையும் காற்றோடு போய்விடும். நான் எதையும் உடைக்கவில்லை, அழிக்கவும் இல்லை.

தினமும் அந்தச் சொல்லை வைக்கவில்லை. தினமும் மறைந்தால் இயந்திரத்தின் மேல் சந்தேகம் வரும். சில நாள் மட்டும் மறைந்தால்தான் தன் மேல் வரும்.

"நேத்து மூணாவது மாடித் திருப்பத்தை வரைஞ்சேன்ல?" என்று முதல் முறை கேட்டாள்.

"இல்லையேக்கா. சும்மா திரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே."

"அப்ப என் மேல்மாடி காலியாகுதுடி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்த முறை அவள் சிரிக்கவில்லை.

அக்கா கெட்டிக்காரி. அன்றன்றைக்கு வரைந்ததை அன்றே அச்செடுத்து வைக்கிறேன் என்றாள். அச்சு இயந்திரத்தின் இணைப்பை வரியிலிருந்து நீக்கிவிட்டுப் பழுது என்றேன். உனக்கு அனுப்பி வைக்கிறேன் என்றாள். வலை அட்டையையும் நீக்கினேன். கடைசியில் ஒரு சாயங்காலம் என்னையே கூப்பிட்டுத் திரையைக் காட்டி, "நாலாவது மாடி முடிஞ்சுது, நல்லாப் பார்த்துக்கோ, நீதான் சாட்சி" என்றாள். மறுநாள் நான் எந்த நாலாவது மாடியையும் பார்க்கவில்லை என்று சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா.

கடிகாரத்தில் கை வைத்தது கொஞ்சம் அதிகம்தான். வேலைக்கு உட்கார்ந்துவிட்டால் திரையின் மூலையில் இருக்கும் தேதிதான் அவளுக்குத் தேதி. அதைப் பின்னால் தள்ளி வைத்தேன். இந்த மறதிக்காக மருத்துவரிடம் போன அன்றும் போவதற்கு முன் சிறிது நேரம் வரைந்துவிட்டுத்தான் கிளம்பினாள். "இன்னைக்கு என்ன தேதிம்மா?" என்று அவர் கேட்டதும், பாடத்தை மனப்பாடம் செய்த பிள்ளை போல, திரையில் பார்த்த தேதியைச் சட்டென்று சொன்னாள். மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் கேட்டதற்கெல்லாம் பயத்திலேயே உளறினாள். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை அவள் கையை மந்தமாக்கியது. ஆஸ்பத்திரி வேலையை அவளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "நான் தப்பா வரைஞ்ச படியில ஒரு நோயாளி விழுந்துட்டா யாருடி பதில் சொல்றது" என்றாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வேலை போனதும் நீ வண்டியோடு வந்து நின்றாய். புது இடத்துக்குக் கொண்டுபோனால் இன்னும் குழம்பிவிடுவாள் என்று மருத்துவர் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. அதன்பின் அவள் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. வரியில் இருந்த சொல்லுக்கும் வேலை இல்லாமல் போனது. எடுத்துவிட எனக்குத் தோன்றவில்லை.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை, தம்பி. போன வாரம் அவளிடமே எல்லாவற்றையும் சொன்னேன், இப்போது உன்னிடம் சொல்வது போலவே. பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கையைத் தடவிக்கொடுத்து, "என்னைத் தேத்தறதுக்காக உன் மேல பழி போட்டுக்காதடி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, தான் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டாள். சாப்பிட்டிருந்தாள். இல்லைக்கா, வா என்று கூப்பிட்டு இன்னொரு முறை பரிமாறினேன். மறுக்காமல் சாப்பிட்டாள்.

கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் தாராளமாகப் போ, நான் குறுக்கே நிற்கவில்லை. அவள் எழுந்ததும் நீயே கேள், உன்னோடு வர இஷ்டமா என்று. அவள் என் முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு என்ன இஷ்டம் என்று நான் சொல்வேன். எங்களுக்குள் ஒளிவுமறைவு என்று எதுவுமே கிடையாது.