எட்டாம் படுக்கையின் செவ்வாய்க்கிழமைப் பதிவு

ஐயா,

விசைப்பலகையை மாதம் ஒருமுறையாவது கவிழ்த்துத் தட்டுவது நல்லது. எங்கள் மருத்துவமனையின் கணினி அறையில் அந்த வழக்கம் எனக்கு மட்டுமே இருந்தது. தட்டினால் விழுவது வெறும் தூசி அல்ல. மென்று சிதறிய துணுக்கு, நகத் துண்டு, காதுக் குறும்பி. எல்லாம் என் சக ஊழியருடையவை. வாயை மூடி மெல்லத் தெரியாதவர் என்பதால் செவிலியர்கள் அவருக்குச் சப்புக்கொட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் குமட்டும். சாப்பிட்ட விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, அதே ஈரத்தோடு தட்டச்சு செய்வார். ஆறு வருடம் பொறுத்தேன். மேலாளரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "இதெல்லாம் ஒரு புகாராய்யா?" என்றார்.

நீங்கள் கேட்டபடி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலை அவர் சர்வரின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, புதுப்பித்தார். மறுபடி இயக்கியதும் முகம் வெளுத்து என்னிடம் வந்தார்.

"அண்ணே, வால்யூம் எதுவுமே இல்லேங்குது. நோயாளிங்க பதிவு மொத்தமும் அதுலதானே இருக்கு."

பதிவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்கு டிஸ்க்குகளைக் கோத்து வால்யூம் என்ற ஒரே சேமிப்பிடமாகக் காட்டும் சிறு நிரல் புதிய கெர்னலோடு ஏறவில்லை, அவ்வளவுதான். பழைய கெர்னலில் இயக்கினால் பத்து நிமிட வேலை. திரையைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்கள் அறையில் ஒரு விதி உண்டு. கோளாறைச் சரிசெய்யும்போது ஒருவர் கட்டளையைப் படிப்பார். வேலையைத் தொடங்கியவர் தன் பெயரில் நுழைந்து அதைத் தட்டுவார். தவறு நேராதிருக்க நான் கொண்டுவந்த விதி. அன்று நான் படித்தேன். மீட்கும் கட்டளையை அல்ல, புதிய வால்யூம் உருவாக்கும் கட்டளையை.

"பழசு அழிஞ்சிரும், சரியான்னு கேக்குதுண்ணே."

"கேக்கத்தான் செய்யும். ஆமான்னு அடி."

அடித்தார்.

பிறகு, ஞாயிற்றுக்கிழமை எடுத்த பேக்கப்பை நானே ஏற்றிக் கொடுத்தேன். திங்கள் முதல் சேர்ந்த பதிவுகள் மட்டும் போயின. "வார்டுக்கெல்லாம் நான் சொல்லிக்கிறேன், நீ போ" என்றேன். "நீங்க இல்லேன்னா நான் செத்தேன்ணே" என்று என் தோளில் கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தச் சட்டையை அன்றே எறிந்துவிட்டேன். வார்டுகளுக்கு எதுவும் சொல்லவில்லை.

மதியம் ஒரு செவிலியர் அழைத்தார். "சார், எட்டாம் படுக்கை அம்மாவுக்கு இந்த ஊசி ஒத்துக்காதுன்னு செவ்வாக்கிழமை கம்ப்யூட்டர்ல ஏத்தின ஞாபகம். இப்ப ஒண்ணும் காணோம். அந்தம்மாவும் மயக்கத்துல இருக்காங்க. போடலாமா?"

யோசித்தேன். மூன்று நாள் பதிவு போனதற்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்தான் கொடுப்பார்கள். மறுநாளும் அவர் என் எதிரில் உட்கார்ந்து மெல்லுவார்.

"ஸ்க்ரீன்ல இருக்கிறதுதாம்மா சரி" என்றேன். "வேற யாருக்காவது ஏத்தியிருப்பீங்க."

நாலரை மணிக்கு அந்த அம்மாள் இறந்தார். ஐந்தரைக்குச் சப்புக்கொட்டியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அந்த அம்மாள்மீது எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள். மிகவும் சுத்தமானவர் என்று பிறகு கேள்விப்பட்டபோது, உண்மையிலேயே வருந்தினேன்.