பலகையில் ஒரு வில்லை

மேடையில் இருக்கும் மேற்பார்வைப் பொறியாளர் அவர்களே, முன்வரிசையில் குடும்பத்தோடு வந்திருக்கும், மறைந்த நம் பொறியாளர் ஐயாவின் துணைவியார் அம்மா அவர்களே, நம் நீர்மின் நிலையத்துத் தோழர்களே, எல்லாருக்கும் வணக்கம். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன். பார்த்துப் படிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பொறியாளர் ஐயாவை நீங்கள் ‘மூணுதட்டு சார்’ என்றுதான் சொல்வீர்கள். அது அவருக்கும் தெரியும். மலையிலிருந்து டர்பைனுக்கு இறங்கும் பெருங்குழாயைச் சோதனைக்காகக் காலி செய்யும்போது, உள்ளே போகிறவர் ஒவ்வொருவரும் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைக் கதவோரப் பலகையில் மாட்டவேண்டும். வெளியே வந்ததும் தானே கழற்றவேண்டும். அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. கடைசியில் ஐயா உள்ளே போய், சுத்தியலால் மூன்று முறை தட்டி, “யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருப்பார். அப்புறம்தான் தண்ணீர். இந்த முறையை ஏற்படுத்தியவர் யார்? அவர். நாற்பது ஆண்டும் வழுவாமல் நடத்தியவர் யார்? அவர்.

பலகைக்குக் காவல் நான். முப்பத்தோரு ஆண்டுக்கு முன் ஒரு மதியம், உள்ளே போன பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள் என்று கணக்குச் சொன்னேன். பலகையில் ஒரு வில்லை மிச்சம், குழாய்க்குள் வண்ணம் பூசப் போன பெயின்டருடையது. தண்ணீரைத் திறக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து தொலைபேசி மேல் தொலைபேசி. ‘பெயின்டர் மறந்துட்டுப் போயிருப்பார்’ என்று நானே கழற்றக் கை நீட்டினேன். ஐயா என் மணிக்கட்டைப் பிடித்தார். “மறந்தவர் வந்து கழட்டட்டும்” என்றார். உள்ளே போனார். மூன்றாம் வளைவில், பெயின்ட் நெடியில் மயங்கிக் கிடந்தார் பெயின்டர். நடுவில் தண்ணீர் குடிக்க வந்துபோன ஒருவரை நான் இரண்டு தடவை எண்ணியிருந்தேன். அறிக்கையில் ஐயா எழுதியது என்ன தெரியுமா? ‘பிழை என்னுடையது.’ இன்றுவரை இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பெயின்டர் அண்ணன் அதோ, தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, மன்னிச்சுக்கோங்க.

ஓய்வு பெற்ற பிறகும் ஆண்டுச் சோதனைக்கு எங்கள் இருவரையும் அழைப்பீர்கள். இந்த முறையும் அவர் வில்லையை மாட்டிவிட்டு உள்ளே போனார். நான் குழாயின் கீழ்க்கதவில், பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவர் நெஞ்சு அடைக்கிறதென்று மலைமேல் இருக்கும் மேல்கதவு வழியாக வந்து, வண்டியேறி வீட்டுக்குப் போயிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்தவர் எழவேயில்லை. அவர் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. அவர் வில்லை இன்னும் பலகையில் தொங்குகிறது.

இன்றோடு ஒன்பது நாள். மறதிதானே, கழற்றிவிட்டு நாளை தண்ணீர் திறக்கலாம் என்கிறார்கள். வேறு ஆள் உள்ளே இல்லை என்பது உண்மைதான். அன்று போன மற்ற எட்டுப் பேரும் இந்த அறையில்தான் இருக்கிறார்கள். வந்ததிலிருந்து ஐந்து முறை எண்ணிவிட்டேன். ஆனால் அம்மா நேற்று என்னிடம் சொன்னது: “செருப்பைக்கூடக் கழட்டலைண்ணா. ‘உள்ளே இன்னும் ஒரு ஆள் இருக்கு, திறக்க வேண்டாம்னு சொல்லு’ன்னார். அப்புறம் பேசலை.”

அதைக் கேட்டுவிட்டுக் கீழ்க்கதவுக்குப் போனேன். உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. காலிக் குழாய் வெயிலில் விரிந்தால் சத்தம் போடும், நானும் படித்தவன்தான். ஆனால் இரும்பு மூன்று தட்டோடு நிறுத்திக்கொள்ளுமா? நிறுத்திவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்குமா? எனக்குத் தெரியவில்லை. என் காதை நானே நம்புவதில்லை. என் எண்ணிக்கையை நம்பாத ஒருவரால்தான் ஓர் உயிர் பிழைத்தது.

அதனால் ஐயாவின் படத்துக்கு முன்னால் ஒன்று சொல்கிறேன். நாளைக் காலை என் வில்லையை அவர் வில்லைக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு உள்ளே போவேன். மூன்றாம் வளைவுவரை நடப்பேன். மூன்று முறை தட்டி, அவரைக் கூப்பிடுவேன். போதுமான நேரம் காத்திருப்பேன். அவரோடு வெளியே வந்து, என்னுடையதை நான் கழற்றுவேன். அவருடையதை அம்மா கழற்றட்டும்.

அதுவரை தண்ணீரைத் திறக்காதீர்கள். பெயின்டர் அண்ணே, நாளைக்குப் பலகைக்கிட்ட நீங்க உட்காருங்க. எத்தனை பேர் வெளியே வர்றோம்னு நீங்க எண்ணுங்க.