ப்ளோயருக்குள் ஒரு கூடு

மகள்: கையை இன்னும் கிட்ட வைங்கப்பா. காத்து வருதா?

அப்பா: வருது. வெந்நீர் அண்டா மேல வர்ற ஆவி மாதிரி.

மகள்: அவ்வளவு மோசமில்ல.

அப்பா: நாலு மணி நேரம் இதுல போனா உன் பசங்க வெந்துடுவாங்க. அதான் சொல்றேன், வண்டி என்கிட்டயே இருக்கட்டும்.

மகள்: ஏசி சரியானா சாயங்காலமே நான் எடுத்துட்டுப் போறேன். சரியாகலன்னா உங்ககிட்டயே விட்டுடறேன். அதானே பேச்சு?

அப்பா: அதான்.

மகள்: அப்புறம் மாறக்கூடாது. அண்ணே! இங்க கொஞ்சம் வாங்க.

மெக்கானிக்: வந்துட்டேன் பாப்பா.

மகள்: எனக்கு முப்பத்தாறு வயசாச்சுண்ணே.

மெக்கானிக்: இந்த பானெட்டைத் தொறந்தா எனக்கு நீ பத்து வயசுதான். அந்த ஸ்டூல்ல உக்காந்து காலை ஆட்டிட்டு, "எப்ப முடியும், எப்ப முடியும்"னு உசுரை எடுப்பே. என்ன ஐயா, ஏசியா?

அப்பா: கம்ப்ரசர் போயிருக்கும். இருபத்தாறு வருஷ வண்டி. பார்ட்ஸும் கிடைக்காது...

மெக்கானிக்: நான் பார்க்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டீங்களே! பாப்பா, ஏசியைப் போடு... இந்தா, "டக்"னு பிடிச்சுது பாருங்க. கம்ப்ரசர் நல்லாருக்கு.

அப்பா: அப்ப கேஸ் தீர்ந்திருக்கும்.

மெக்கானிக்: மீட்டர்ல முள்ளு சரியா நிக்குது. இந்தப் பைப்பைத் தொடுங்க.

மகள்: யம்மா... ஐஸ் கட்டி!

மெக்கானிக்: குளிர் நல்லாத்தான் உண்டாகுது. உள்ள வர்றதுக்குத்தான் வழியில்ல. டேஷ்போர்டுக்கு அடியில எதுவோ அடைச்சிருக்கு. பிரிச்சிடலாம், அரை மணி நேரம்.

அப்பா: பிரிக்க வேண்டாமே. பழைய பிளாஸ்டிக், உடைஞ்சுடும்.

மெக்கானிக்: நான் எத்தனை தடவை பிரிச்சு மாட்டின டேஷ்போர்டு ஐயா இது!

மகள்: இவருக்கு ஏசின்னாலே ஒரு சட்டம் உண்டுண்ணே. மேடு வந்தா அணைச்சுடுவார். எங்களுக்கு வேர்த்து ஊத்தும்.

அப்பா: அணைக்கலன்னா வண்டி ஏறுமா? அஞ்சு பேரு, டிக்கி நிறைய மூட்டை.

மகள்: தம்பி என்ன சொல்வான் தெரியுமாண்ணே? மூச்சு விட்டா வண்டி பின்னாடி போயிடும்னு. தங்கச்சியும் நானும் மூச்சைப் பிடிச்சுட்டே உக்காந்திருப்போம். மேல போய்ச் சேர்றதுக்குள்ள முகமெல்லாம் செவந்துடும்.

அப்பா: அதானா... நான் பயந்துட்டீங்கன்னு நெனச்சேன். கண்ணாடியில பார்த்தா மூணும் கன்னத்தை உப்பிட்டு இருக்கும்.

மகள்: கேட்டிருக்கலாமே?

அப்பா: வளைவுல என்னத்தைக் கேக்கறது? உங்கம்மா வேற மேப்பை மடியில விரிச்சுட்டு, "அடுத்த வலது... இல்ல இல்ல, இடது"ன்னு...

மெக்கானிக்: பாப்பா, அந்த டார்ச்சை இப்படிப் பிடி. ப்ளோயர் கழண்டுடுச்சு... அட!

மகள்: என்னண்ணே அது? பஞ்சா?

மெக்கானிக்: எலிக்கூடு. பாரு, சீட்டு ஸ்பாஞ்சு, துணி, பேப்பர்...

மகள்: இந்தப் பேப்பர்... நீலக் கோடு, சிவப்புக் கோடு. அப்பா, இது அம்மாவோட மேப்!

அப்பா: பாழாப்போன எலி.

மெக்கானிக்: மெத்தைய நல்லாத்தான் போட்டிருக்கு. குட்டி போட்டு வளர்த்து, அதுங்களும் கிளம்பிப் போயாச்சு. ரெண்டு மாசமாவது நிம்மதியா குடும்பம் நடத்தியிருக்கும்.

மகள்: ரெண்டு மாசமா?

மெக்கானிக்: பின்ன? வண்டி ஓடுற சத்தத்துல எந்த எலி...

அப்பா: தம்பி, டீ குடிக்கலாமா?

மெக்கானிக்: ...சில எலி ஓடுற வண்டியிலயும் கட்டும். அதுவும் உண்டு. தைரியமான எலி.

மகள்: அண்ணே!

மெக்கானிக்: ப்ளோயரைத் தொடைக்க துணி எடுத்துட்டு வரேன்.

மகள்: அப்பா, நீங்க தினமும் ஓட்டறதா சொன்னீங்க.

அப்பா: ஓட்டறேன். நேத்துகூட லைப்ரரிக்கு...

மகள்: நேத்து ஞாயித்துக்கிழமை.

அப்பா: ...பூட்டியிருந்துது. திரும்பிட்டேன்.

மகள்: இன்னிக்குக் காலையில பேட்டரி செத்துக் கெடந்துது. பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்து ஒயர் போட்டுக் கிளப்பினேன். ஆனா நான் எப்ப பத்து மணிக்குப் போன் பண்ணினாலும் அம்மா, "அப்பா சாவியை எடுத்துட்டு வண்டியில போயிருக்கார், வர ஒரு மணி நேரமாகும்"னு சொல்றாங்க. தினமும்!

அப்பா: நான் சொல்லச் சொன்னேன். அவ மேல கோவப்படாதே.

மகள்: கோவமில்லப்பா. நானும் பொய்தான் சொன்னேன்.

அப்பா: நீயா?

மகள்: எங்க வண்டியை வித்துட்டேன்னு சொன்னது பொய், விக்கவே இல்ல. எனக்கு இந்த வண்டியே வேண்டாம்.

அப்பா: அப்புறம் எதுக்குப் பிடிச்ச பிடியா நின்னே?

மகள்: கண் டாக்டர் எனக்குப் போன் பண்ணினார். உங்களுக்கு இடது ஓரம் தெரியலையாம், ஓட்டக் கூடாதுன்னு சொன்னதும் எழுந்து போயிட்டீங்களாம். ஓட்டாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. வண்டியே இல்லன்னா...

அப்பா: அவர் சொல்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்.

மகள்: எப்படி?

அப்பா: பள்ளிக்கூடத்துத் திருப்பத்துல ஒரு பொண்ணு, சைக்கிள்ல. இடது பக்கம். சைடு கண்ணாடிகிட்ட அதோட கை வந்தப்பதான் பார்த்தேன். பிரேக் போட்டேன். அது திட்டக்கூட இல்ல, சிரிச்சுட்டுப் போச்சு. நான் நேரா வீட்டுக்கு வந்தேன். அன்னிக்கு ஷெட்டுல விட்டதுதான்.

மகள்: எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா...

அப்பா: சொன்னா, "ஓட்டாத வண்டி எதுக்கு"ன்னு மூணு பேரும் கேப்பீங்க.

மகள்: கேட்டுத்தான் இருப்போம். ஆனா தினமும் சாவியை எடுத்துட்டுப் போய், ஓட்டாம, அந்த ஒரு மணி நேரம் என்னதான் பண்றீங்க?

அப்பா: ஷெட்டுல, வண்டியோட பின் சீட்டுல உக்காந்திருப்பேன். இருபத்தாறு வருஷமா உங்களை அந்தச் சின்னக் கண்ணாடியில மட்டும்தானே பார்த்திருக்கேன்... நீங்க உக்காந்த எடத்துல நான் ஒரு தடவைகூட உக்காந்ததில்லம்மா.