முப்பத்தொரு டேப்

பூபதி: மறுபடியும் மூடிக்கிச்சு.

கவிதா: நீங்க என்னத்த அமுக்குனீங்க?

பூபதி: ஒண்ணும் அமுக்கல. தெறந்தேன், சித்த நேரம் சுத்துச்சு, மூடிக்கிச்சு. காத்தாலருந்து இது ஆறாவது தடவை.

கோகிலா: மாமா, போனை லேப்டாப்புக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் பேசுங்க. செம்மேட்டுல ஒரே மழை. கம்ப்யூட்டர் கடைத் தகரத்துல அடிக்கற சத்தத்துல பாதி காதுல உழுவல.

கவிதா: ஸ்பீக்கர்லதான் போட்டிருக்குது கோகிலா. சொல்லு.

கோகிலா: மொதல் தடவை மூடுறப்ப என்னென்ன தெறந்து வெச்சிருந்தீங்க?

பூபதி: ரூம் புக்கிங்தான்.

கவிதா: ஆமா... புக்கிங்தான்.

கோகிலா: ஏரிக்கரையில ரெண்டு ரூம வாடகைக்கு உடறதுக்கு எத்தன டேப் வேணும்க்கா?

கவிதா: ஒரு முப்பது இருக்கும்.

பூபதி: முப்பத்தொண்ணு.

கவிதா: எண்ணி வெச்சிருக்கீங்களா?

பூபதி: மேல வரிசையா நின்னுச்சு... எண்ணுனேன்.

கோகிலா: சரி, நான் இங்கிருந்தே உங்க ஸ்கிரீனப் பாத்துடறேன். ஒரு நம்பர் வரும், அதச் சொன்னீங்கன்னா...

பூபதி: வேண்டாம் சாமி.

கவிதா: அதெல்லாம் எதுக்கு? வேண்டாம்.

கோகிலா: என்னக்கா, ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி வேண்டாங்கறீங்க?

பூபதி: நெட்டு மெதுவா இருக்குது. அதுக்குத்தான்.

கோகிலா: சரி, வாயாலயே சொல்றேன். சி டிரைவுல எடம் எவ்வளவு காலியா இருக்குதுன்னு பாருங்க.

கவிதா: செவப்பாக் காட்டுது. மிச்சமே இல்ல.

கோகிலா: அப்பறம் எப்படி ஓடும்? எழுதி வெக்க எடமில்லைன்னா பிரவுசர் மூடிட்டேதான் இருக்கும். என்னத்தப் போட்டு அடச்சிருக்கீங்க?

பூபதி: போன மாசம் தங்குனவங்க, அருவிய எடுத்த வீடியோவப் பூரா இதுல ஏத்திட்டு அப்படியே போயிட்டாங்க. நாப்பது இருக்குது.

கவிதா: கேட்டு வருவாங்கன்னு வெச்சிருந்தோம்.

கோகிலா: பென் டிரைவுக்கு மாத்திட்டு, இதுல அழிங்க. குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

பூபதி: ...ஓடுது. பாதி ஆச்சு.

கவிதா: பதறாதீங்க. பென் டிரைவ இப்பப் புடுங்காதீங்க.

பூபதி: புடுங்கல, சும்மா தொட்டேன்.

கவிதா: ஆச்சு கோகிலா. தொட்டியும் காலி.

கோகிலா: இப்பத் தெறங்க.

பூபதி: தெறந்துச்சு... நிக்குது. மூடல.

கவிதா: ஆனா டேப் ஒண்ணையுங் காணோமே. வெறும் வெள்ளையா இருக்குது.

கோகிலா: கண்ட்ரோலையும் ஷிப்டையும் புடிச்சுக்கிட்டு டி அமுக்குங்க.

பூபதி: அமுக்குனேன். இன்னொரு வெள்ளைப் பக்கம் வருது.

கோகிலா: ஆறு தடவை தெறந்து மூடுனீங்கல்ல, ஒவ்வொரு தடவையும் பழைய வரிசை மேல புதுசு எழுதிக்கும் மாமா. அது இனி மொத்தமா வராது. ஹிஸ்டரிக்குப் போய் ஒவ்வொண்ணா எடுக்க வேண்டியதுதான். பேரு, தேதி, நேரம் எல்லாம் இருக்கும்.

கவிதா: நேரமுமா?

கோகிலா: நேரமுந்தான்.

பூபதி: அத அழிக்க முடியுமா?

கோகிலா: இவ்வளவு நேரம் டேப்பக் காணோம்னீங்க. இப்ப அழிக்கக் கேக்கறீங்க.

பூபதி: சும்மா கேட்டேன்.

கோகிலா: கடைக்கு ஆளு வந்துட்டாங்க. கண்ட்ரோலும் எச்சும் அமுக்குனா ஹிஸ்டரி வந்துரும். போனை வெக்கட்டுங்களா?

கவிதா: வெய்யி கண்ணு.

பூபதி: ...மழை இந்தப் பக்கமும் வரும் போல. நீ போயி காயற மொளக எடுத்து உள்ள வெய்யி. இத நான் பாத்துக்கறேன்.

கவிதா: மொளகு உள்ளதான் இருக்குது. நீங்க போயி ரூம்ல தண்ணி வருதான்னு பாருங்க. இத நான் பாத்துக்கறேன்.

பூபதி: தண்ணி வருது. பாத்துட்டுத்தான் வந்தேன்.

கவிதா: அப்ப ரெண்டு பேருமே பாக்கலாம்.

பூபதி: கவிதா...

கவிதா: அமுக்கிட்டேன். புக்கிங். புக்கிங். படகுத்துறை படம். புக்கிங்... தத்தெடுப்புப் பதிவு. தத்தெடுப்புப் பதிவு, விண்ணப்பம். தத்தெடுக்கத் தேவையான சான்றிதழ்கள்.

பூபதி: அது ஏதோ விளம்பரமா வந்திருக்கும்.

கவிதா: விளம்பரம் பத்தொம்பது தடவை வருமுங்களா?

பூபதி: நாந்தான். மூணு மாசமாப் பாக்கறேன்.

கவிதா: எங்கிட்ட ஏன் சொல்லல?

பூபதி: சேலத்து ஆஸ்பத்திரியில மூணாவது தடவையும் கரு நிக்கலைன்னு சொன்ன அன்னிக்கு, மலையடிவாரம் காரவள்ளி வர்ற வரைக்கும் நீ வாயே தெறக்கல. வளைவு ஏறறப்ப ஒண்ணு சொன்ன.

கவிதா: இனிக் கொழந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னேன்.

பூபதி: அதுக்கப்பறம் எப்படி எடுக்கறது? நான் எடுத்தா, உன்னால ஆகலைன்னு சொல்லிக் காட்டற மாதிரி ஆயிருமோன்னு இருந்துச்சு.

கவிதா: நான் வேற மாதிரி பயந்தேன்.

பூபதி: எப்படி?

கவிதா: நான் கேட்டா, எவங்க ஊட்டுக் கொழந்தையோன்னு மூஞ்சியச் சுழிச்சுருவீங்கன்னு.

பூபதி: நீ எப்பக் கேக்கறதா இருந்த?

கவிதா: இன்னுங் கீழ வாங்க. அது நான் போட்டது.

பூபதி: "நாலு வயசுக் கொழந்தையத் தத்தெடுத்தா அம்மான்னு கூப்பிடுமா"... காலையில பதினோரு மணி. இத... இதுகிட்டயா கேட்ட?

கவிதா: வேற யாருகிட்டக் கேக்கறது?

பூபதி: என்ன சொல்லுச்சு?

கவிதா: சிலது சீக்கிரமே கூப்பிடுமாம். சிலதுக்கு வருசம் ஆகுமாம்.

பூபதி: ஆகட்டும்.

கவிதா: ...ம்.

பூபதி: ஆனா அந்த விண்ணப்பம் போச்சு கவிதா. வருமானச் சான்று, பட்டா, எல்லாத்தையும் ஏத்தி வெச்சேன். உன்னோட பக்கத்துக்கு வந்தா ஏதோ தப்புன்னு செவப்பாக் காட்டிட்டே இருந்துச்சு. என்ன தப்புன்னு உன்னைக் கேக்கவும் முடியல. மூடுனாப் போயிருமோன்னு டேப்ப அப்படியே உட்டிருந்தேன். இனி மொதல்லருந்து...

கவிதா: மொதல்லருந்தெல்லாம் வேண்டாம். நேத்து நீங்க மொளகு எறக்கக் கீழ போனப்ப அந்தப் பக்கம் தெறந்தே இருந்துச்சுங்க. நான் பொறந்த வருசத்தத் தப்பாப் போட்டிருந்தீங்க, அதான் செவப்பு. திருத்தி, சேமிச்சு, என்னோட கையெழுத்தையும் ஏத்திட்டேன். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன். உங்க கையெழுத்து மட்டுந்தான் பாக்கி.